பல்லாவரம் கொட்டகை பிளேரியோ: இடது இறக்கையைப் பிரித்துத் திரும்பவும் ஒட்ட வேண்டுமா?

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அருங்காட்சியகத்துக்காக நாம் கட்டிக்கொண்டிருக்கும் பிளேரியோ 11 விமானத்தின் நிலவரத்தைச் சொல்லி, ஒரு முடிவும் கேட்கத்தான் இந்த இழை.

புதிதாக வந்தவர்களுக்கு ரெண்டு வரி. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ பிரான்சில் கலே பக்கத்திலிருந்து கிளம்பி, இங்கிலாந்தின் டோவரில் இறங்கினார். கடலைக் கடக்கச் சுமார் 37 நிமிடம் பிடித்தது. கையில் திசைகாட்டி கிடையாது. அதற்கு முன் காலில் பட்ட தீக்காயம் ஆறாமல் ஊன்றுகோலோடு வந்து ஏறியவர் அவர். அந்த விமானத்தின் முழு அளவு நகலைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துகொண்டிருக்கிறோம். பறக்காது, பார்வைக்கு மட்டும். இறக்கை முனைக்கு முனை 7.79 மீட்டர், நீளம் ஏறக்குறைய 7.6 மீட்டர்.

உடல் கூடு முடிந்துவிட்டது. இடது இறக்கைக்குப் பங்குனியிலேயே துணி போர்த்தினோம். தட்டினால் தவில் மாதிரி கேட்டது. ஐப்பசி மழை ஆரம்பித்து நாலாவது நாள் ராத்திரி, கொட்டகையில் படுத்திருந்த காவல்கார அண்ணன் போன் பண்ணினார். "சார், உள்ளே ஏதோ படபடன்னு தெறிக்குது, வந்து பாருங்க."

காலையில் போய்ப் பார்த்தேன். இறக்கைக்கு வளைவு வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டங்களில் (ரிப்) அஞ்சாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் மேல் பட்டை விட்டுப்போயிருந்தது. துணி ஈர வேட்டி மாதிரி அங்கங்கே சுருங்கிக் கிடந்தது. தையலைப் பிரித்து விரலை விட்டால் வஜ்ரம் (மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் மரப் பசை) பாகுப் பதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் காய்ச்சின வஜ்ரம். நான் ஒட்டின ரிப்.

கேள்வி ஒன்றுதான். பழையபடி வஜ்ரம் போட்டே ஒட்டுவதா, இல்லை எபாக்சி என்ற இரண்டு கலவை ரசாயனப் பசைக்குப் போய்விடுவதா? சும்மா கை தூக்காமல் காரணம் சொல்லி எழுதுங்கள்.

காற்றுவெளி | ஞாயிறு, இரவு 10:15

சார், குற்றம் வஜ்ரத்தின் மேல் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பருத்தி நூல் ஈரம் குடித்தால் தடித்து நீளத்தில் குறுகும். மழையில் நனைந்த கயிற்றுக் கட்டில் இறுகுகிறதே, அதேதான். நாம் பங்குனி வெயிலில், துணி காய்ந்திருந்தபோது, முடிந்த மட்டும் இழுத்துப் போர்த்தினோம். ஐப்பசியில் காற்றெல்லாம் ஈரம். துணி இன்னும் இறுகி ரிப்பை இழுத்திருக்கிறது. அதே ஈரத்தில் வஜ்ரம் இளகிவிட்டது. இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்தால் பட்டை தெறிக்காமல் என்ன செய்யும்?

ஸ்பார் மரத்தில் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஈரமானி வைத்துப் பார்த்தீர்களா? துணி போர்த்திய அன்று என்ன காட்டியது என்று என் நோட்டில் இருக்கிறது. நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புதுப்பேட்டை மெக்கானிக் | ஞாயிறு, இரவு 10:22

எபாக்சி போடுங்கண்ணே. வேலை முடிஞ்சுது. ஜனங்க தலைக்கு மேல தொங்கப்போற சாமான் இது. வஜ்ரத்தை நம்பி ஒரு குழந்தை தலையில விழுந்தா யார் பதில் சொல்றது?

பழம்பொருள் | ஞாயிறு, இரவு 11:05

நான் பழைய பொருட்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எங்கள் வேலையில் முதலில் படிக்கிற பாடம், செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியவேண்டும் என்பது. வயலின் பழுது பார்ப்பவர்கள் இன்றைக்கும் வஜ்ரம் பயன்படுத்துவது பழமைமேல் உள்ள ஆசையால் இல்லை. கொஞ்சம் சூடும் ஈரமும் காட்டினால் மரத்துக்குச் சேதமில்லாமல் மேல்பலகை கழன்று வரும். எபாக்சி போட்டால் பிரியவே பிரியாது, மரம்தான் பிளக்கும். முப்பது வருஷம் கழித்து இந்த இறக்கையை யாராவது பழுது பார்க்க வேண்டி வந்தால், உங்கள் எபாக்சி ரிப்பை ரம்பம் வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மெக்கானிக் தம்பி சொல்வதும் நியாயம். தொங்குகிற பாரத்தை வஜ்ரம் தாங்கக் கூடாது. அதற்குத் தனி வழி பார்க்க வேண்டும்.

மவுண்ட்ரோடு | திங்கள், காலை 6:50

எல்லோரும் பசையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு மனசில் வேறு ஒன்று இருக்கிறது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தேன், இறக்கை எப்படியும் பிரிந்து கிடக்கிற இந்த நேரத்தில் சொல்லிவிடுகிறேன்.

சென்னை அருங்காட்சியகத்துக்கு ஏன் பிரெஞ்சு விமானம்? பிளேரியோ கடலைத் தாண்டி எட்டே மாதத்தில், 1910 மார்ச்சில், இதே பல்லாவரத்தில் ஒருவர் பறந்திருக்கிறார். ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். விமானத்தைக் கட்டித் தந்தது சிம்சன் கம்பெனி, 1840-லிருந்து இந்த ஊரில் குதிரை வண்டி கட்டிய கம்பெனி. இன்றைக்கும் 'சிம்சன்' என்றால் பஸ் நிற்கும். இந்திய மண்ணில் முதன்முதலாகப் பறந்த விமானங்களின் கதையை எழுதினால் முதல் பக்கத்தில் வர வேண்டியது பல்லாவரம். அலகாபாத்தில் ஆன்ரி பெக்கே தபால் மூட்டையோடு நைனிக்குப் பறந்தது அதற்கும் அப்புறம், 1911 பிப்ரவரி 18-ல்தான். அந்த அலகாபாத் கதை பள்ளிக்கூடப் புத்தகம் வரை வந்துவிட்டது. நம் ஊர்க் கதையைப் பல்லாவரத்துப் பிள்ளைகளே கேட்டதில்லை.

நம் கொட்டகையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்த சம்பவம் ஐயா இது. அதை விட்டுவிட்டு டோவரைக் கட்டுகிறோம் என்பது எனக்கு வலிக்கிறது.

தையல் அக்கா | திங்கள், காலை 7:30

மவுண்ட்ரோடு தம்பி சொன்னதைப் படிச்சு உடம்பு சிலிர்த்துப்போச்சு. எங்க மாமனார் பல்லாவரத்துலயே பொறந்து வளர்ந்தவர், அவருக்கே தெரியலை.

விமானப்பிரியன் 03 | திங்கள், மதியம் 1:10

நான் புதுசு. ரெண்டுமே வேண்டாம் என்றால் ரைட் சகோதரர்களின் ஃப்ளையர் செய்யலாமே? எல்லாருக்கும் தெரிந்த விமானம்.

காற்றுவெளி | திங்கள், மதியம் 1:45

@விமானப்பிரியன், வாங்க. ஃப்ளையரின் நகல் உலகம் முழுக்க எத்தனையோ அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதில் ஒரு பாடமும் இருக்கிறது. 2003 டிசம்பர் 17, முதல் பறத்தலின் நூறாவது வருஷம். ஆராய்ந்து ஆராய்ந்து கட்டிய ஒரு நகலை ரைட் சகோதரர்கள் பறந்த அதே கிட்டி ஹாக்கில் பறக்கவிடப் பார்த்தார்கள். மழை, காற்றும் போதவில்லை. தண்டவாளத்தை விட்டுக் கிளம்பிச் சேற்றில் இறங்கிவிட்டது. 1903-ல் நல்ல எதிர்காற்று இருந்ததால்தான் முதல் தடவை 12 விநாடி, 120 அடி போக முடிந்தது. வானிலை எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்கு உலகமே பார்த்தது. நமக்கு ஐப்பசியில் தெரிந்தது.

ஃப்ளையரை எடுத்தால் இன்னொரு சிரமம், ஓட்டுகிறவர் குப்புறப் படுத்திருப்பார். பிளேரியோவில் ஆள் உட்கார்ந்திருப்பார், எஞ்சின் முன்னால், வால் பின்னால், ஒரே ஜோடி இறக்கை. இன்றைக்கு விமானம் என்றால் பிள்ளைகள் எதை வரைகிறார்களோ அதே உருவம்.

பட்டறைக்காரர் | திங்கள், இரவு 10:30

மவுண்ட்ரோடு தம்பிக்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று பகல் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

பல்லாவரம் கதை எனக்கும் உயிர்தான். இந்தக் கொட்டகையை இந்த ஊரில் பிடித்ததே அந்த நினைப்பில்தான். ஆனால் தம்பி, நான் முப்பத்திரண்டு வருஷம் ரயில் பெட்டி கட்டினவன். வரைபடம் இல்லாமல் ஒரு கதவுக் கொண்டி கூடப் போட்டதில்லை. டி ஆஞ்செலிஸ் விமானத்துக்கு நாம் தேடிய இடத்தில் எல்லாம் ஒரு வரைபடம் கிடைக்கவில்லை. நீங்களே ஆறு மாதம் தேடினீர்கள். நாளைக்கு நான் ஸ்பாரை எத்தனை அங்குலத்தில் இழைப்பது? ரிப் எத்தனை? வால் எந்த வடிவம்? என் மனசுக்குத் தோன்றியதை இழைத்து, பளபளவென்று வார்னிஷ் அடித்து, "1910 பல்லாவரம்" என்று பலகை மாட்டினால், பார்க்கிற பிள்ளை அதை நம்பிவிடும். மரத்தில் செய்த பொருளுக்கு அந்தச் சக்தி உண்டு. எழுதினதைக்கூடச் சந்தேகப்படுவார்கள், கண் முன்னால் நிற்பதைச் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த நம்பிக்கையை வைத்து நான் கற்பனையை விற்க மாட்டேன்.

பிளேரியோ விஷயம் வேறு. கடலைக் கடந்த அசல் விமானமே பாரிஸில் தொழிற்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே இதன் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன, உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள். ஒவ்வொரு பொருத்துக்கும் "ஏன் இப்படி" என்று கேட்டால் பதில் சொல்ல முடியும்.

ஒரு பொருத்தை மட்டும் சொல்கிறேன், நீங்களும் பார்த்ததுதான். உடல் கூட்டின் நீளச் சட்டத்தில் நிற்கும் செங்குத்துக் கட்டையும் கிடைக் கட்டையும் வந்து சேருகிற இடம். அங்கே ஒரு யூ போல்ட். லாரி ஸ்பிரிங்கில் போடுகிறோமே, அதே ஜாதி, சுண்டுவிரல் அளவில். கட்டையைப் பிடிப்பதும் அதுதான், குறுக்கே ஓடும் இழுவைக் கம்பிகள் வந்து மாட்டுவதும் அதில்தான். நட்டை இறுக்கினால் மூலை முழுவதும் ஒன்றாகக் கூடுகிறது, தளர்த்தினால் கூடு மொத்தமும் கையோடு கழன்று வருகிறது. இதை முதல் தடவை மாட்டியபோது மெக்கானிக் தம்பி பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளேரியோவும் அவரோடு வேலை செய்த ரேமோன் சோல்னியேவும் நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்தது நம் கைக்குள் வந்த நிமிஷம் அது. கற்பனையில் இழைத்தால் இந்த அனுபவம் கிடைக்காது.

ஆகவே என் யோசனை: விமானம் பிளேரியோவாகவே இருக்கட்டும். பல்லாவரம் கதை அதன் பக்கத்திலேயே, அதே அளவு இடத்தில், நிச்சயமாகத் தெரிந்தது மட்டும் எழுதி நிற்கட்டும். ஒரு ஓட்டல்காரர் எட்டு மாதத்தில் பறக்கத் துணிந்த காலத்தில் உலகத்தில் விமானம் என்றால் என்ன என்பதைப் பக்கத்தில் நிற்கும் பிளேரியோ காட்டும். அந்தப் பலகையை நீங்கள்தான் எழுத வேண்டும்.

மவுண்ட்ரோடு | செவ்வாய், காலை 6:20

ராத்திரி மூன்று தடவை படித்தேன் ஐயா. வருத்தம் முழுக்கப் போகவில்லை, ஆனால் "கண் முன்னால் நிற்பதைச் சந்தேகப்பட மாட்டார்கள்" என்ற இடத்தில் வாயடைத்துப்போனேன். பலகையை எழுதித் தருகிறேன். ஒரே நிபந்தனை: அது மூலையில் இருக்கக் கூடாது. உள்ளே நுழைகிறவர் விமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பட்டறைக்காரர் | செவ்வாய், காலை 6:45

வாசலிலேயே வைப்போம். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

புதுப்பேட்டை மெக்கானிக் | செவ்வாய், இரவு 8:00

யூ போல்ட்டைப் பத்தி அண்ணன் சொன்னது நிஜம். நாப்பது வருஷம் லாரிக்குப் போட்டிருக்கேன், அதை இப்படி ஒருத்தன் விமானத்துக்குப் போட்டிருப்பான்னு நினைச்சதே இல்லை.

எஞ்சின் விவரம்: அசல் அன்சானி மூணு சிலிண்டர், விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கும், 25 குதிரைத்திறன், காத்துலதான் குளிரும். எண்ணெயைக் கக்கிக்கிட்டே ஓடுற எஞ்சின், ஓட்டுறவர் மூஞ்சியெல்லாம் எண்ணெய் ஆயிடுமாம். நம்மளது ஓடாத எஞ்சின். சிலிண்டர் துடுப்புகளைப் பழைய பைக் சிலிண்டர் வெச்சு அளவு பார்த்தேன், சரியா வரலை. மரத்துல அச்சு செஞ்சு அலுமினியத்துல வார்த்துடலாம்னு இருக்கேன். பின்னாடி பார்த்தா வார்ப்புன்னு தெரியற மாதிரி அடியில தேதி போட்டு வார்க்கறேன். யாரும் ஏமாறக் கூடாதுன்னு அண்ணன் சொன்னது எஞ்சினுக்கும் சேர்த்துத்தானே.

தையல் அக்கா | செவ்வாய், இரவு 9:15

துணி விஷயம் நான் சொல்லணும்.

போன தடவை வாங்கின காடாத் துணியைத் தண்ணியில ஊறப்போடாமலே தைச்சுட்டோம். கடைக்காரர் "சுருங்காது"ன்னார், நானும் கேட்டுக்கிட்டேன். ரவிக்கைத் துணியைக்கூட நனைச்சுக் காய வெச்சுத்தான் வெட்டுவேன், விமானத்துக்கு மட்டும் அந்தப் புத்தி வரலை. இந்தத் தடவை ரெண்டு முறை ஊறப்போட்டு, நிழல்ல காயவெச்சு, அப்புறம் வெட்டலாம்.

இறக்கை மொத்தப் பரப்பு 14 சதுர மீட்டர். மேலயும் கீழயும் போர்த்தறோம், அப்போ 28. மடிப்பு, ஓரம், வால், திருத்தம் எல்லாம் சேர்த்தா ஒரு மீட்டர் அகலத் துணி 40 மீட்டராவது வேணும். உடம்போட பின்பாதிக்குத் துணியே கிடையாது, கூடு அப்படியே தெரியணும், அதனால அங்கே மிச்சம்.

இன்னொண்ணு. ரிப் மேல தைக்கிற தையலை மிஷின்ல போட முடியாது, கையாலதான். போன தடவை நாலு விரல் இடைவெளி விட்டோம். இனிமே ரெண்டு விரல்.

காற்றுவெளி | செவ்வாய், இரவு 9:50

அக்கா, துணிமேல் என்ன பூசுவது என்றும் பேசிவிடலாம். விமானத் துணியை இறுக்கிக் காக்கும் டோப் என்ற பூச்சு வருவதற்கு முன்னால் ஜவ்வரிசிக் கஞ்சி, மாவுப் பசை எல்லாம் பூசிப் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டுப் புடவைக்கே கஞ்சி போடுகிறோம், இதற்கும் போடலாமே என்று எனக்கு ஆசை.

பழம்பொருள் | செவ்வாய், இரவு 10:05

கஞ்சி வேண்டவே வேண்டாம். மாவுச்சத்து இருக்கிற இடத்துக்குச் சென்னையில் கரப்பானும் பூஞ்சையும் தேடிக்கொண்டு வரும். ஒரே வருஷத்தில் துணி ஓட்டை. பழைய நைட்ரேட் டோப்பும் கூடாது, பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும், அரங்குக்குள் அனுமதி கிடைக்காது. தண்ணீரில் கரையும் மெல்லிய பூச்சு ஒன்றை முதலில் துண்டுத் துணியில் அடித்து, மார்கழி வரைக்கும் கொட்டகையிலேயே தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

கம்பியையும் கவனியுங்கள். அசலில் பியானோ கம்பி. நம் கடற்காற்றில் அது துருப்பிடித்துத் துணியில் பழுப்பு ஒழுகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள், போட்டதைப் பலகையில் எழுதுங்கள்.

மடிப்பாக்கம் அம்மா | புதன், காலை 11:30

இடையில் ஒரு கேள்வி. என் மகள் ஏழாவது படிக்கிறாள். போன ஞாயிறு கூட்டி வந்தேன். இறக்கையில் இன்றைய விமானம் மாதிரி ஆடுகிற மடல் இல்லையே, எப்படித் திரும்பும் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காற்றுவெளி | புதன், மதியம் 12:20

மேடம், மகள் கேட்டது சரியான கேள்வி. பிளேரியோவில் இறக்கையையே முறுக்குவார்கள். ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் தண்டின் அடியில் மணி மாதிரி ஒரு கிண்ணம், அதிலிருந்து கம்பிகள் வயிற்றுக்குக் கீழே உள்ள கூம்புக்குப் போய், அங்கிருந்து இறக்கையின் பின் ஓரத்துக்குப் போகும். தண்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஒரு இறக்கையின் பின் ஓரம் தாழும், மற்றது உயரும். தாழ்ந்த பக்கத்தில் காற்றின் தூக்கல் கூடி அந்தப் பக்கம் மேலே எழும். வீட்டில் இரண்டு முனையும் திறந்த, குழாய் மாதிரி நீளமான ஒரு அட்டைப்பெட்டியை ரெண்டு கையாலும் பிடித்து முறுக்கச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

இதனால்தான் இறக்கை விறைப்பாகவும் இருக்க வேண்டும், முறுக்கினால் வளையவும் வேண்டும். எபாக்சியில் எல்லாவற்றையும் கல்லாக்கிவிட்டால் முறுக்கும்போது ஏதாவது ஒரு இடத்தில் மரம் ஒடியும். பசை விவாதத்துக்கு இதுவும் ஒரு பதில்.

பட்டறைக்காரர் | புதன், இரவு 10:10

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு இன்றைக்குச் சாயந்திரம் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, பிரிந்த எட்டாவது ரிப்பை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு விஷயம் தெரிந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ரிப் பட்டையை வெறும் பசையில் விடவில்லை. பசையும் போட்டு, மெல்லிய ஆணியும் அடித்தார்கள். ஆணி அடித்தால் பட்டை பிளக்கும், என் ஒட்டு நிற்கும் என்று நான்தான் ஆணியை விட்டேன். கை வேலையில் இருந்த நம்பிக்கை. படத்தில் ஆணி இருந்தது. கற்பனையில் கட்டக் கூடாது என்று மவுண்ட்ரோடு தம்பிக்கு அவ்வளவு நீளமாக எழுதினவன், படத்தில் இருந்ததை நானே ஒதுக்கியிருக்கிறேன். தம்பி, மன்னிக்க வேண்டும்.

முடிவு இது. ஸ்பாரும் தொங்கவிடும் கொக்கிகளும் எபாக்சியும் எஃகும். பாரம் முழுக்க அதில்தான் இறங்கும். அந்த இடங்களில் சின்னதாகச் சிவப்புப் புள்ளி வைப்போம், இது நம் காலத்துச் சேர்க்கை என்று பலகையில் இருக்கும். ரிப்புகள் வஜ்ரத்தோடு பித்தளை ஆணி, முன்கூட்டியே துளை போட்டு அடிப்போம். துணி தை பிறந்த பிறகுதான், அதுவும் இவ்வளவு இழுக்காமல். வலது இறக்கையையும் பிரிக்கிறோம். துணி போர்த்தாதது நல்லதாயிற்று, பட்டையை மட்டும் கழற்றினால் போதும்.

மவுண்ட்ரோடு | புதன், இரவு 10:25

மன்னிப்பெல்லாம் எதற்கு ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்க நானும் வருகிறேன்.

மடிப்பாக்கம் அம்மா | வியாழன், காலை 7:05

அட்டைக் குழாயை முறுக்கிப் பார்த்தாள், பிடிபட்டுவிட்டது. இப்போது அந்த மணிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். ஞாயிறு வந்தால் அனுமதிப்பீர்களா?

பட்டறைக்காரர் | வியாழன், காலை 7:20

தாராளமாகக் கூட்டிக்கொண்டு வாங்கம்மா. கிண்ணம் இன்னும் மாட்டவில்லை, மேசைமேல்தான் இருக்கிறது, கையிலேயே எடுத்துப் பார்க்கட்டும்.

மற்றவர்களுக்கு: காலை எட்டு மணிக்குப் பின் கேட் வழியாக வாருங்கள், முன் பக்கம் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தையல் அக்கா, துணியை ஊறப்போடப் பெரிய அண்டா ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறேன். மெக்கானிக் தம்பி, அரை அங்குலப் பித்தளை ஆணி கால் கிலோ பாரிமுனையில் கிடைத்தால் வாங்கி வரவும், தலை சின்னதாக இருக்க வேண்டும்.